இருபத்து மூன்றாவது கேள்வி

ஆவுடையப்பன் தன் மனைவி செண்பகவல்லியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வியாழக்கிழமை காலையில். பார்த்தது என்றால் முதுகைத்தான். புவனேஸ்வரத்தில் மூன்று நாள் மருத்துவ மாநாடு. மதுரைக்குப் போய் விமானம் பிடிக்க வேண்டும், கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. அவள் கேட்டுக்குப் பக்கத்தில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனோடு மல்லுக்கு நின்றாள். "நீ தராசைக் கொண்டா, தொங்கவிட்டுப் பாப்போம். போன தடவை பதினெட்டு நாள்ல தீந்துபோச்சு. நான் என்ன ஊருக்கா சமைச்சுப் போடுதேன்?" "அக்கா, சீல் உடையவே இல்ல, நீங்களே பாருங்க" என்று அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவள் முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு காலைச் சிலிண்டரின் அடி வளையத்தில் வைத்திருந்தாள். அந்தக் காலில் இவர் வாங்கிக்கொடுத்த தடித்த கறுப்புச் செருப்பு, சர்க்கரை வியாதிக்காரர்களுக்கென்று தனியாகச் செய்கிறது. இதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போக முடியுமா என்று பத்து வருஷமாகத் திட்டிக்கொண்டே போட்டுக்கொண்டிருந்தாள். "வருதேன்" என்றார் இவர். அவள் திரும்பவில்லை. இடது கையை மட்டும் பின்பக்கமாக உயர்த்தி ஆட்டினாள். போயிட்டு வாங்க என்றும் அதை எடுத்துக்கொள்ளலாம், கொஞ்சம் நில்லுங்க என்றும் எடுத்துக்கொள்ளலாம். டிரைவர் போகச் சொன்னதாக எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டான். மூன்று வருஷமாக அந்தக் கைதான் வருகிறது, முகம் வருவதில்லை. முகம் வேண்டுமென்றால் அதற்கு முந்தின நாளுக்குப் போக வேண்டும். போனால் அங்கே அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கடைவாய்ப்பல் ஒரு பக்கம் உயிரை வாங்குது என்று சொல்லிக்கொண்டு நிற்கிறாள். பல் என்றதும் மனசு சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது, மேசை முனையில் இடித்துக்கொள்ளாமல் உடம்பு தானே விலகுவது மாதிரி.

இப்போது நாக்கு முழுக்கக் குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுபத்தைந்து கிராம், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்து, குமட்டாமல் இருக்க அரை எலுமிச்சம்பழம் பிழிந்தது. ஐந்து நிமிஷத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், முடித்தார். மணி ஏழு நாற்பது. முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, பிளாஸ்திரியின் ஒரு முனை முடியைப் பிடித்து இழுத்தது. "ரெண்டு மணி நேரம் உக்காந்தே இருக்கணும் சார். நடக்கக் கூடாது, வெளிய போகக் கூடாது. ரூல் போட்டதே நீங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள் மரிய புஷ்பம். பதினெட்டு வருஷமாக இந்தச் சர்க்கரை நோய் ஆய்வு நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறவளும் அவள்தான். போகிற போக்கில் திரும்பி, "பச்சை ஃபாரத்தையும் இந்த உக்கார்றதுலயே முடிச்சிருவோமா? சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள லிஸ்டைச் சென்னைக்கு அனுப்பணும்" என்றாள். "முடிச்சிருவோம்" என்றார். சொல்லும்போது குரல் சரியாகத்தான் இருந்தது. பச்சை ஃபாரம் என்பது பச்சைத் தாளில் அச்சடித்த மரண விசாரணைப் படிவம். ஆய்வில் சேர்ந்தவர் யாராவது இறந்துபோனால், கடைசியாக அவரோடு பேசினவரைத் தேடிப்போய் நாற்பது கேள்வி கேட்க வேண்டும். அந்தப் பதில்களை வைத்து, சாவுக்குக் காரணம் இதயம், இதயம் அல்ல, தெரியவில்லை என்று மூன்றில் ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும். பாளையங்கோட்டையின் பதினாறு தெருக்களிலிருந்து இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர், இருபது வருஷம், முன்னூற்றுப் பதினோரு சாவு. முன்னூற்றுப் பத்துக்குக் குறித்தாகிவிட்டது. பாக்கி ஒன்று. அது எண் ஒன்று, செண்பகவல்லி. கடைசியாக அவளோடு பேசினவர் எண் இரண்டு, அவர்தான். நாற்பது கேள்வியையும் எழுதினதும் அவர்தான். இருபத்து மூன்றாவது கேள்வி: இறப்பதற்கு முந்தின ஒரு நாளுக்குள் தாடையிலோ தோளிலோ கையிலோ வலிப்பதாகச் சொன்னாரா? ஆம், இல்லை, தெரியாது. அவளுக்கு வேர்த்திருந்தது, அதை அவர் மறைத்ததில்லை. வேர்வையோடு இருபத்து மூன்றில் ஆம் என்று விழுந்தால் காரணம் இதயம். தெரியாது என்று விழுந்தால் தெரியவில்லை. முன்னூற்றுப் பதினொன்றில் ஒன்று அந்தக் கட்டத்திலிருந்து இந்தக் கட்டத்துக்கு வந்தால் ஆய்வுக் கட்டுரையில் ஒரு புள்ளிகூட நகராது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். நகர்வது வேறொன்று. தெரியாது என்றால் அவள் எதனாலோ போனாள். ஆம் என்றால், அவள் சொன்னாள், அவர் கேட்டார், கேட்டுவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

"டாக்டருக்கும் இதே தண்ணிதானா? உங்களுக்கு ஏதோ ஸ்பெஷல்னுல்லா நெனச்சேன்." பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் சங்கரபாண்டியன் வந்து உட்கார்ந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் விரல் இடுக்கில் ஏதோ இருக்கிற மாதிரியே கையை மடக்கி வைத்திருப்பார். தன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "எல்லாருக்கும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றார் ஆவுடையப்பன். "இந்தத் தடவை என் ரிசல்ட்டைப் பாருங்க, அசந்துபோவீங்க. ரெண்டு நாளா சோத்தைக் கையால தொடலையே! கம்பங்கூழு, பாவக்காய் ஜூஸு, அவ்வளவுதான்." "அதெல்லாம் பிரயோசனமில்ல. மூணு மாசத்துச் சராசரியும் இதே ரத்தத்துல தெரிஞ்சிரும்." "அதெப்படித் தெரியும்? ரெண்டு நாளைக்கு முந்தி நான் அல்வா தின்னதை ரத்தம் வந்து சொல்லுமா?" "சொல்லும்." "அப்ப எம் பொண்டாட்டியைவிட மோசமால்லா இருக்கு!" அறையில் இருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள், ஆவுடையப்பனும் சிரித்தார். பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து டாக்டரைச் சந்தோஷப்படுத்துகிற வழக்கம் இந்த ஊரில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரியும். செண்பகவல்லியும் செய்வாள். அவர் வீட்டிலேயே ரத்தம் எடுக்கிற நாளுக்கு முன்னால் அவள் தட்டில் சோறு குறைந்து கீரை ஏறிவிடும். ஏன் இப்படிச் செய்யுதே, எனக்குத் தெரியாதா என்று கேட்டால், "தெரிஞ்சா என்ன, அன்னிக்கு ஒரு நாளாவது உங்க மூஞ்சி நல்லா இருக்கட்டுமேன்னுதான்" என்பாள். அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்து வாயைத் துடைத்தார். "அம்மா இருந்தப்ப ரெண்டாவது ஊசி முடிஞ்சதும் ஒரு உப்புமா குடுப்பாங்க பாருங்க. இப்பவும் குடுக்காங்க. உப்பு இல்லாம, வேற யாருக்கோ கிண்டுன மாதிரி." இதை வருத்தமாகச் சொல்லவில்லை, ருசியைப் பற்றித்தான் சொன்னார். அதனால் அது உள்ளே போய்க் குத்தாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் நாள் யாருமே வரவில்லை. இருபது வருஷத்துக்கு முந்தின ஒரு சித்திரை மாதம். ஆய்வு நிலையம் இருக்கிற இதே வீடு, இதே மஞ்சள் சுவர், அப்போது மின்விசிறி புதுசு. தெருவில் தண்டோரா மாதிரி நோட்டீஸ் கொடுத்து, வீட்டுக்கு வீடு சொல்லி, காலை ஆறு மணியிலிருந்து ஊசியும் குழாயும் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் கூட்டம் இருந்தது, உள்ளே ஒருவர் வரவில்லை. டாக்டர் ரத்தத்தை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறாராம், ஒரு தடவை எடுத்தால் ஊறுவதற்கு ஆறு மாசம் ஆகுமாம். எட்டு மணிக்குச் செண்பகவல்லி அவருக்குக் காப்பிச் செம்போடு வந்தாள், வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள், உள்ளே வந்து செம்பை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஜாக்கெட் கையை மேலே ஏற்றினாள். "எடுங்க. என்னையும் வெளிநாட்டுக்கு அனுப்புங்க, ஊர் சுத்திப் பாக்கேன்." வாசலில் யாரோ சிரித்தார்கள். அப்படித்தான் அவள் எண் ஒன்று ஆனாள். அவளைப் பார்த்துவிட்டு அடுத்து உட்கார வெட்கப்பட்டவர்களுக்காக அவர் எண் இரண்டு ஆனார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் முப்பத்தேழு பேர். அவளுக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது, நாற்பது வயதில். அவர் அப்போது ஆராய்ச்சியாளர் ஒன்றும் இல்லை, வெறும் எம்.பி.பி.எஸ். சந்திப்பிள்ளையார் முக்குப் பக்கம் சின்ன கிளினிக். தன்னிடம் வருகிறவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் ஏன் இத்தனை பேர் திடீர் திடீரென்று இதயத்தால் போகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தவர்தான். புள்ளியியல் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் யாரோ ஒரு மாணவன் சிவப்பு மையில் தப்பும் தவறுமாகக் கோடு போட்டு வைத்திருந்ததை நம்பி, ஒரு சூத்திரத்தை ஒன்றரை வருஷம் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய கல்லூரிகளில் படித்தவர்கள் பிற்பாடு அவரை மாநாட்டுக்குக் கூப்பிட்டதெல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்காக. அவர் ஆய்வில், இதயத்தால் இறந்த சர்க்கரை நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை. நரம்பு மரத்துப்போயிருக்கும், நெஞ்சு சொல்லாது. வேர்க்கும், களைப்பாக இருக்கும், தாடை வலிக்கும், வயிற்றைப் புரட்டும். வீட்டில் இருப்பவர்கள் வாய்வு என்பார்கள், பித்தம் என்பார்கள், சர்க்கரை இறங்கிவிட்டது என்பார்கள். இதைத்தான் அந்த வெள்ளிக்கிழமை புவனேஸ்வரத்தில் காலை பத்தரை மணிக்கு மேடையில் நின்று சொன்னார். அதற்கு ஒன்பது மணி நேரம் கழித்துப் போன் வந்தது.

ஒன்பது மணி நேரம் இருபது நிமிஷம். ஏழு ஐம்பதுக்கு அவள் கூப்பிட்டாள், நான்கு நிமிஷம் பேசினாள், போனில் அது பதிவாகியிருக்கிறது. என்ன பேசினாள் என்பது போனில் இல்லை. வேர்க்குது, கை லேசா நடுங்குது, லோ ஆயிருச்சு போல என்றாள். அவள்தான் சொன்னாள், லோ ஆயிருச்சு போல என்று. அவள் வாயிலிருந்துதான் முதலில் வந்தது. இன்சுலின் போடுகிறவளுக்குச் சர்க்கரை இறங்கினால் எப்படி இருக்கும் என்று தெரியாதா, மாசத்துக்கு ஒரு தடவை இறங்குகிறதுதானே, இறங்கினால் வேர்க்கிறதுதானே. ரெண்டு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கரைத்துக் குடி என்று எந்த டாக்டரும் சொல்லியிருப்பார். எந்த டாக்டரும் முதலில், மிஷினில் பார்த்தாயா என்று கேட்டிருப்பார். அவர் கேட்கவில்லை. அவள் பார்த்திருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் அவர் வீடு வந்து சேர்ந்து, கூடத்தில் அவளைக் கிடத்தியிருக்க, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சர்க்கரை பார்க்கிற மிஷினை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். அது கடைசியாகப் பார்த்ததை மறக்காது. எட்டு மணி பன்னிரண்டு நிமிஷம், இருநூற்று நாற்பத்து மூன்று. இரண்டு ஸ்பூன் பத்து கிராம். அதனால் ஏறியிருப்பது நாற்பது, போனால் ஐம்பது. அதைக் கழித்தால் நூற்றுத் தொண்ணூறு, நூற்றுத் தொண்ணூறுக்கு யாருக்கும் வேர்க்காது. மறுபடி கழித்தால், சரி, அறுபது ஏறியிருந்தாலும் நூற்று எண்பத்து மூன்று. இந்தக் கழித்தலை அவர் மூன்று வருஷத்தில் எத்தனை தடவை போட்டிருப்பார்! பல் தேய்க்கும்போது, சிக்னலில் நிற்கும்போது, மற்றவர்கள் அவளைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லும்போது. கீழே வரும் விடை ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான். எட்டு பன்னிரண்டுக்கு அவள் அந்த இருநூற்று நாற்பத்து மூன்றைப் பார்த்தாள். இது லோ இல்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. பிறகு அவள் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று ஒரு கேள்வி பச்சை ஃபாரத்தில் இல்லை. எதிர்வீட்டு டீச்சர் மறுநாள் காலையில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடப்பதைப் பார்த்துக் கதவைத் தட்டியிருக்கிறார். தெரு முனை டாக்டர் வந்து நாடி பார்த்து, இயற்கை மரணம் என்று எழுதிக் கொடுத்தார். இயற்கை மரணம் என்று வேறு யாராவது எழுதிக்கொண்டு வந்திருந்தால் ஆவுடையப்பன் படிவத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில் தட்டியது. இனிப்பு வயிற்றிலிருந்து தொண்டைக்கு ஏறி வந்து, மறுபடி இறங்கியது. இப்போது மணி எட்டு ஐந்து. வலது கை விரல்கள் தாமாகவே இடது மணிக்கட்டுக்குப் போய் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தன, எழுபத்தாறு, ஒழுங்காக இருந்தது. அறுபத்து நாலு வயது, ரத்தக்கொதிப்பு உண்டு, கொழுப்பு கொஞ்சம் அதிகம். அடுத்த பத்து வருஷத்தில் இவருக்கு மாரடைப்பு வர எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கணக்குப் போடுகிற அட்டவணையில் பாதி அவரே சேர்த்தது. இருபத்திரண்டு. நூறு ஆவுடையப்பன்களை இந்த அறையில் வரிசையாக உட்கார்த்தினால் இருபத்திரண்டு பேர். மற்ற எழுபத்தெட்டுப் பேரும் எழுந்து உப்புமா சாப்பிடப் போய்விடுவார்கள். பயம் என்று சொல்ல முடியாது, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பது மாதிரி ஒன்று. அவளுக்குப் பல் டாக்டரிடம் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கி வைத்திருந்தார்கள். அந்த ஒரு துண்டுச் சீட்டைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் நின்றார். அவளுக்குப் பல் வலி ஏற்கெனவே இருந்தது, ஒரு வாரமாக இருந்தது, சீட்டு இருக்கிறது. ஆகவே போனில் பல் வலி என்று அவள் சொல்லியிருந்தாலும் அது பல் வலிதான். அதற்கும் மேலே, போனில் சொன்னாளா, புதன்கிழமை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சொன்னதைத்தான் போனில் சொன்னதாக மனசு கோத்துக்கொண்டதா? வீட்டாரின் ஞாபகத்தை நம்பாதே என்று அவரே முப்பது பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறார். இறந்தவரைப் பற்றிய ஞாபகம் துணி மடிப்பது மாதிரி, கோணலாகக் கிடந்ததையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து அலமாரியில் வைத்துவிடும். ஆகவே நேர்மையான பதில் தெரியாது என்பதுதான். இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை, விஞ்ஞானம்தான். அவருக்கு இந்த வாதம் பிடித்திருந்தது. இத்தனை பிடித்திருப்பதுதான் கொஞ்சம் சரியில்லை என்றும் பட்டது. ஒரு பக்கம் உயிரை வாங்குது. ஒரு பக்கம் என்றுதானே புதன்கிழமை சொன்னாள்? அப்படியானால் அந்த இன்னொன்று, வாய் பூரா என்கிற மாதிரி ஒரு வார்த்தை, அது எந்தக் கிழமையுடையது? அண்ணாச்சி நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது.

மரிய புஷ்பம் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தபோது எட்டேமுக்கால். அதற்கு முன்பே அவரை உள் அறைக்குக் கூட்டிவந்து கதவை ஒருக்களித்துச் சாத்தியிருந்தாள். மடியில் அட்டை, அட்டையில் பச்சைத் தாள். "சார், மத்தவங்களைக் கேக்குத மாதிரியேதான் கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிக்க என்ன இருக்கு? கேளு."

"மூணு வருஷமா நான்தான் தள்ளிப்போட்டுட்டேன். ஆறு மாசத்துக்குள்ள முடிக்கலைன்னா எங்களை என்ன பாடு படுத்துவீங்க."

"தள்ளிப்போட்டது நீ இல்ல, நான்" என்றார்.

அவள் பெயர், வயது, எண், சர்க்கரை எத்தனை வருஷம், என்ன மருந்து என்று வரிசையாகக் கேட்டாள், பாதிக்கு அவளே பதிலையும் எழுதிக்கொண்டாள். புகை இல்லை. ரத்தக்கொதிப்பு உண்டு. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. வேர்த்ததா, வேர்த்தது. நெஞ்சு வலித்ததா, சொல்லவில்லை. பேனா அடுத்த வரியில் நின்றது, அவள் தாளைப் பார்த்துக் கேள்வியைப் படிக்கவில்லை. அட்டையைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மா கூப்பிட்டப்ப நீங்க எங்க நின்னீங்க சார்?" அவருக்குச் சுருக்கென்றது. அது அவர் கற்றுக்கொடுத்தது. வலித்ததா என்று எடுத்த எடுப்பில் கேட்காதே, வலி ஞாபகத்தில் இடம் மாறிவிடும். என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எங்கே நின்றீர்கள் என்று கேள், கை கால் செய்தது மறக்காது, அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போ. "சாப்பாட்டு மேசைகிட்ட. மாநாட்டுக்காரங்க விருந்து. கையில தட்டு இருந்துது." "தட்டுல என்ன?" "புலாவு. ஒரு ஓரத்துல ரசகுல்லா ரெண்டு." தட்டின் கனம் இடது கைக்கு வந்துவிட்டது. ரசகுல்லாவின் பாகு புலாவுக்குள் ஓடிவிடாமல் தட்டைச் சாய்த்துப் பிடித்திருந்தார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ கரண்டிக்காகக் காத்திருந்தார்கள். "அம்மா என்ன சொன்னாங்க?" "வேர்க்குது, லோ போலன்னா." "நீங்க?" "சர்க்கரைத் தண்ணி குடின்னேன்." "அதுக்கு அம்மா?" அதுக்கு அவள். தட்டு, பாகு, தோளில் போன், அதற்கு அவள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன, சுற்றிப் போக வழி இல்லை. சர்க்கரையா, என்று ஒரு மாதிரி சிரித்தாள், மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். "வாய் பூரா வலிக்குங்கேன், ரெண்டு பக்கமும் காது வரைக்கும் இழுக்கு, நீங்க சர்க்கரையைக் கரைச்சுக் குடிங்கீங்க. பல் டாக்டர் திட்ட மாட்டாரா?" அதற்கு இவர், தட்டைச் சாய்த்துப் பிடித்தபடி, "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆயிராது, பல்லுல படாம முழுங்கு" என்றார். சொல்லிவிட்டு ரசித்துச் சிரித்தார். பின்னால் நின்றவரும், என்னவென்று புரியாமல், சேர்ந்து சிரித்தார். சர்க்கரை என்று இவர் சொல்லாமல் அவள் அதைச் சொல்லியிருக்க முடியாது. புதன்கிழமை யாரும் சர்க்கரையைக் கரைக்கச் சொல்லவில்லை. வாய் பூரா என்றது வெள்ளிக்கிழமைதான்.

வெளியே அண்ணாச்சி தூக்கத்தில் இருமினார். ஆவுடையப்பன் முழங்காலில் வைத்திருந்த தன் இடது கையைப் பார்த்தார், அது எதையோ சாய்த்துப் பிடித்திருக்கிற மாதிரியே இருந்தது. நேராக்கினார். மூன்று வருஷமாக இந்த இடத்தை நினைத்தால் உடைந்துபோவோம் என்று நினைத்திருந்தார். ஒன்றும் உடையவில்லை. நெஞ்சு எழுபத்தாறிலேயே அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது, தண்ணீர் குடிக்க ரூலில் இடம் உண்டு. "தாடையில வலி இருக்குன்னு சொன்னா" என்றார். "ரெண்டு பக்கமும். காது வரைக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு அம்பதுலயிருந்து ஏழு அம்பத்து நாலுக்குள்ள." புஷ்பம் அவர் முகத்தைப் பார்த்தாள். "நல்லா ஞாபகம் இருக்கா சார்? தெரியாதுன்னும் போடலாம். கட்டம் இருக்கு." அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருவேளை அவள் மூன்று வருஷம் தள்ளிப்போட்டதே அந்தக் கட்டத்தை அவருக்காகக் காலியாக வைத்திருக்கத்தானோ என்னவோ. "ஆம்னு போடு. அதுக்கு அடுத்த வரியில, ரத்தச் சர்க்கரை எட்டு பன்னிரண்டுக்கு இருநூத்து நாப்பத்து மூணுன்னு எழுது. மிஷின் என்கிட்ட இருக்கு, வேணும்னா காட்டுதேன்." அவள் எழுதினாள், எண்ணை எழுத்திலும் எழுதினாள், எழுத்திலும் எழுத வேண்டும் என்பது விதி. "சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "யார்கிட்ட?" என்றார் அவர். அவள் எழுதின எண்ணை இன்னொரு தடவை பார்த்தாள். "உங்களுக்கும் அன்னிக்கு அது லோ மாதிரிதான சார் இருந்துருக்கும். அம்மாவே அப்படித்தான சொன்னாங்க." "ஆமா. முதல்ல அப்படித்தான் சொன்னா" என்றார். "அதையும் எழுதிக்கோ. சொன்ன வரிசையிலயே எழுது."

மீதிக் கேள்விகள் சுலபம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களா, இல்லை. பிரேதப் பரிசோதனை, இல்லை. முப்பத்தைந்து, முப்பத்தாறு. அவள் கேட்கக் கேட்க அவர் பதில் சொல்லிக்கொண்டே, இந்த ஒரு ஃபாரத்தை மட்டும் இவருக்குப் பதிலாகச் சென்னையில் பார்க்கப்போகிற இரண்டு டாக்டர்களும் அரை நிமிஷத்தில் இதயம் என்று குறித்துவிடுவார்கள், குறித்துவிட்டுக் குடிக்கக் காப்பி கேட்பார்கள் என்று நினைத்தார். அவர் இதுவரை குறித்த நூற்றுக்கணக்கான ஃபாரங்களில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் எதையோ சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். அந்த நினைப்பு ஆறுதலாகவும் இல்லை, பாரமாகவும் இல்லை, பெரிதாக இருந்தது. ஓர் ஊருக்குள் இருந்துகொண்டு அந்த ஊரின் வரைபடத்தைப் பார்ப்பது மாதிரி. "கடைசி கேள்வி சார், நாப்பது" என்றாள் புஷ்பம். அவருக்கு அது என்னவென்று ஞாபகம் இல்லை. முப்பத்தொன்பதோடு முடிந்துவிட்ட மாதிரியே இருந்தார். அவரே பிற்பாடு ஒரு கமிட்டி கேட்டதற்காகச் சேர்த்தது. அவள் படித்தாள்: "இறந்தவரிடமிருந்து எடுத்து மீதி வைத்திருக்கும் ரத்த மாதிரிகளை வருங்கால ஆய்வுக்காகத் தொடர்ந்து வைத்திருக்கக் குடும்பத்தார் சம்மதிக்கிறார்களா?"

ஆவுடையப்பன் கையை நீட்டித் தாளைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் பார்த்தார்.

"மீதி இருக்கா?"

"அஞ்சு வருஷத்துக்கு முந்தி, பதினஞ்சாம் வருஷச் சுத்துல எடுத்தது சார். பெரிய ஃபிரீஸர்ல இருக்கும். ரிஜிஸ்டரைப் பாக்கட்டுமா?"

"பாரு."

அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து நீளமான பேரேட்டை எடுத்துவந்தாள். எண் ஒன்று என்பதால் முதல் பக்கத்தின் முதல் வரியிலேயே இருந்தது, தேட வேண்டியிருக்கவில்லை. விரலை வைத்துக் குறுக்கே ஓட்டிக்கொண்டு போனாள்.

"மூணாவது தட்டு, சார். மைனஸ் எண்பது டிகிரி. சீரம்."

"இருக்கட்டும். சம்மதம்னு போடு" என்றார், பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மணி ஒன்பது இருபத்தைந்து, இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். "எவ்வளவு இருக்கு?"

"நாலு குழாய் சார். ஒவ்வொண்ணுலயும் அரை மில்லி."